அடிலெய்டிலிருந்து உலுரு வரை காரில்: முதல்முறை அவுட்பேக் போகிறவர்களுக்கு

நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியை, அதாவது அவுட்பேக் எனப்படும் வறண்ட, ஆள் குறைந்த நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். அடிலெய்டில் கிளம்பி, போர்ட் அகஸ்டாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பிடித்து, கூபர் பீடி, எர்ல்டண்டா வழியாக, பாலைவனத்தின் நடுவே நிற்கும் பிரம்மாண்டமான செம்பாறையான உலுரு. அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். மொத்தம் சுமார் 2,000 கி.மீ. 1987-லேயே இந்த நெடுஞ்சாலைக்கு முழுக்கத் தார் போட்டு முடித்துவிட்டார்கள், அதனால் சாதாரண கார் போதும். நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

சாலை சுலபம்தான். ஆனால் இருட்டியபின் ஓட்டவே கூடாது. மாலை மங்கும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் கங்காருக்கள் சாலைக்கு வரும், பல இடங்களில் வேலியே இல்லாததால் மாடுகளும் நடுச்சாலையில் நிற்கும். 110 கி.மீ. வேகத்தில் ஒரு மாட்டின் மேல் மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கீழே சொல்லும் எல்லாமே பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருவதற்காகத்தான்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், வண்டி நின்றுபோனால் அது உயிர் ஆபத்து. குளிர்காலப் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் பாலைவனம் பூஜ்யம் டிகிரி வரை இறங்கும், நல்ல கம்பளி வேண்டும். ஜூன், ஜூலையில் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மணி நேரம்தான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கிளம்பும் முன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நான் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். காலை எத்தனை மணிக்கு வண்டி நகர வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு மணி என்றால் எட்டு மணி, ஒருவர் ஒன்பதரைக்குக் குளித்துவிட்டு வந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் மாலையில் இருட்டில் ஓட்டுவதாகத்தான் வந்து விடியும், அதற்கு வண்டியில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து விலை கொடுக்க வேண்டும். பெட்ரோல், தங்குமிடம், தண்ணீர் மூன்றுக்கும் ஆளுக்குச் சமமாக முன்பணம் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் யார் கார்டைத் தேய்ப்பது என்ற பேச்சே வராது. ஓட்டப்போகிற ஒவ்வொருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. இருட்டில் ஓட்டுவதையும் மண் சாலையில் இறங்குவதையும் பல வாடகை நிறுவனங்கள் தடை செய்கின்றன. ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வண்டியை விடுவதானால் ஒருவழிக் கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தூக்கம் வந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். நேர்கோடாக, ஆளே இல்லாமல் போகும் சாலையில் கண் திறந்திருக்கும்போதே கவனம் போய்விடும், அதனால் முன் சீட்டில் பக்கத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது.

மூன்றாம் படி: வண்டியில் ஏற்ற வேண்டியவை

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து லிட்டர் தண்ணீர், அதுவும் ஒரே கேனில் இல்லாமல் பிரித்து. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள். தலைக்கு ஈ வலை அவசியம், அங்குள்ள ஈ கண்ணுக்குள்ளேயே போகும். ஊர்களுக்கு வெளியே பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடையாது, ஊர்களில் டெல்ஸ்ட்ரா சிம்தான் ஓரளவு எடுக்கும். மேப்பை முன்பே இறக்கி வையுங்கள். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசரக் கருவி வாடகைக்குக் கிடைக்கும், ஒன்று எடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் போர்ட் அகஸ்டா சூப்பர் மார்க்கெட்டிலேயே தேவையானதை வாங்கிவிடுவது நல்லது. அதற்குமேல் ரோடுஹவுஸ்களில், அதாவது பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் சாலையோர நிலையங்களில், பெரும்பாலும் பர்கர், ஸ்டேக், சிப்ஸ்தான்.

நான்காம் படி: நாள் கணக்கு

முதல் நாள் போர்ட் அகஸ்டா, சுமார் 310 கி.மீ. இரண்டாம் நாள் கூபர் பீடி, 540 கி.மீ. சராசரி வேகம் 90 என்று வைத்தால் ஆறு மணி நேரம், நிறுத்தங்களோடு எட்டு. பத்து மணி நேரப் பகலில் இது சரியாக அடங்கும். இதில் வழியில் வரும் கிளெண்டாம்போ என்ற சிற்றூருக்கும் கூபர் பீடிக்கும் நடுவே சுமார் 250 கி.மீ.க்குப் பெட்ரோல் கிடையாது. முள் பாதிக்கு வரும்வரை காத்திருக்காமல் வழியில் வரும் ஒவ்வொரு ரோடுஹவுஸிலும் நிரப்புங்கள், விலை அதிகம் என்று அடுத்ததற்குத் தள்ளாதீர்கள். சாலையிலேயே விமான ஓடுபாதைக் குறியீடு வரைந்த இடம் வரும். அது பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்தில் இறங்குவதற்கு, அங்கே போட்டோ எடுக்க நிறுத்தக் கூடாது.

கூபர் பீடியில் 1915-இல் ஓபல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்தார்கள், வெயிலுக்குப் பயந்து மக்கள் இன்றும் நிலத்துக்குள் குடைந்த வீடுகளில் வாழ்கிறார்கள். ஓர் இரவு நிலத்தடி விடுதியில் தங்குங்கள். மூன்றாம் நாள் எர்ல்டண்டா வரை 490 கி.மீ., அங்கேயே தங்கிவிட்டு நான்காம் நாள் காலை 245 கி.மீ. ஓட்டினால் யுலாரா, அதாவது உலுருவுக்குப் பக்கத்து ஊர். ஒரே நாளில் இரண்டையும் முடிக்க ஆசைப்படாதீர்கள், 735 கி.மீ. குளிர்காலப் பகலுக்குள் அடங்காது. வழியில் தட்டையான ஒரு மலை தெரியும், அது கானர் மலை, உலுரு இல்லை.

ஐந்தாம் படி: சாலையில்

ரோடு டிரெயின் என்பது பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி, 53.5 மீட்டர் வரை நீளம். முந்த வேண்டுமானால் எதிரே வெகு தூரம் வெறிச்சோடி இருக்க வேண்டும், கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் பின்னாலேயே போங்கள், ஐந்து நிமிடம் தாமதம் ஒன்றும் இல்லை. அது எதிரே வரும்போது வேகத்தைக் குறைத்து இடதுபுறம் ஒட்டிப் போங்கள், காற்று வண்டியை ஆட்டும். உலுரு இருக்கும் வடக்குப் பிரதேசத்துக்குள் (Northern Territory) நுழைந்ததும் சில இடங்களில் 130 வரை போகலாம் என்று பலகை இருக்கும். போகலாம் என்பதற்காகப் போக வேண்டியதில்லை, பெட்ரோலும் வேகமாகத் தீரும்.

வண்டி பழுதானால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்களுக்குக் காரைக் கண்டுபிடிப்பது சுலபம், தனியாக நடக்கும் மனிதரைக் கண்டுபிடிப்பது கடினம்.

உலுருவில்

அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித நிலம். மேலே ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. சுற்றி நடக்கலாம், சுமார் 10 கி.மீ., அதிகாலையில் தொடங்குங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று பலகை உள்ள பகுதிகளில் போனைப் பையில் வைத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு இரவு ஒதுக்கினால்தான் பக்கத்தில் உள்ள காட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளையும் நிதானமாகப் பார்க்க முடியும்.

அப்புறம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், 445 கி.மீ., வந்த வழியே எர்ல்டண்டாவுக்குத் திரும்பி வடக்கே போக வேண்டும். அன்றும் எட்டு மணிக்குக் கிளம்புங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்ச் சேர்ந்ததும் பொதுப் பணத்தின் மீதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் கல் பட்ட அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொண்டு வண்டியை ஒப்படையுங்கள்.