ஒரு ஆன்டிவைரஸ், ஒரு கண்காணிப்பு: வீட்டுக் கணினிக்குச் செலவில்லாத காவல்

"ஏனுங்க, ஒண்ணுக்கு ரெண்டா ஆன்டிவைரஸ் போட்டு வெச்சா இன்னும் நல்லதுதானுங்களே?"

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யார் வீட்டுக்குக் கணினி பார்க்கப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். நல்லதில்லை. ஒவ்வொரு கோப்பும் திறக்கும்போது இரண்டும் குறுக்கே நின்று சோதிக்கும். ஒன்று பிடித்து அடைத்து வைத்ததை இன்னொன்று புதிய வைரஸ் என்று பிடிக்கும். 4 ஜிபி ராம் உள்ள மெஷின் படுத்துவிடும். சேர்ப்பதென்றால் வெவ்வேறு வேலை செய்யும் இரண்டைச் சேர்க்க வேண்டும்.

வேலந்தாவளம் செக்போஸ்டில் திருட்டு வண்டிகளின் நம்பர் பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள வண்டி மாட்டும், நேற்று நம்பர் பிளேட் மாற்றிய வண்டி தப்பிவிடும். தெரிந்த வைரஸ்களின் அடையாளத்தை வைத்துத் தேடும் ஆன்டிவைரஸ் இப்படித்தான். நடத்தையைப் பார்க்கும் கருவி நம்பரைப் பார்க்காது, உள்ளே வந்தவன் என்ன செய்கிறான் என்று பின்னாலேயே போகும். இன்றைய ஆன்டிவைரஸ்களில் இரண்டும் கலந்தே வருகின்றன. ஆனால் இரண்டாவதில் மிக உபயோகமான பகுதி நான் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறது.

முதலில் ஆன்டிவைரஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும் என்பது என் தீர்மானமான கருத்து. லேப்டாப் வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த, சந்தா முடிந்த ஆன்டிவைரஸ் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அந்த நிறுவனமே இதற்கென்று தனியாக நீக்கும் கருவி கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பிறகு கணினியிலேயே இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டி என்ற செயலியைத் திறந்து ரியல்டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அவாஸ்ட், அவிரா போல வேறு ஒன்றுதான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம். டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் அடுத்துச் சொல்லப்போகிற வசதி டிஃபெண்டர் ஓடினால்தான் வேலை செய்யும்.

அதன் பெயர் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ். 2017 கடைசியிலிருந்து விண்டோஸில் இருக்கிறது. நீங்கள் குறித்துக் கொடுத்த ஃபோல்டர்களில், நம்பிக்கைக்குரியதாகத் தெரியாத எந்த நிரல் எழுதவோ அழிக்கவோ முயன்றாலும் அங்கேயே நிறுத்திவிடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரின் வேலையே எழுதுவதுதான். அதனால் பெயரே தெரியாத புது ரான்சம்வேரும் இங்கே முட்டிக்கொள்ளும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்தின் அடியில் 'மேனேஜ் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' இருக்கும். உள்ளே போய் ஆன் செய்யுங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் தானாகவே பட்டியலில் வந்துவிடும். நம் வீடுகளில் அங்கே எதுவுமே இருக்காதே! கல்யாண ஆல்பம், பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் டி டிரைவில்தான். 'புரொடெக்டட் ஃபோல்டர்ஸ்' என்பதில் அந்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஆன் செய்தும் பிரயோஜனமில்லை.

ஆன் செய்த முதல் வாரம் கொஞ்சம் பொறுமை வேண்டும். என்னைப் போல டிடிபி வேலை செய்பவர்களின் பழைய ஃபான்ட் கன்வெர்ட்டர், கணக்கு எழுதும் சின்ன மென்பொருள் எல்லாம் சேமிக்க முடியாமல் நிற்கும். நேர்மையான நிரல்தான் என்று உறுதியானால், அதே பக்கத்தில் 'அலவ் ஆன் ஆப்' என்று தொடங்கும் இணைப்பை அழுத்தி, 'ரீசன்ட்லி பிளாக்டு ஆப்ஸ்' பட்டியலிலிருந்து அந்த ஒன்றை மட்டும் அனுமதியுங்கள்.

கொமோடோ போன்ற இலவசத் தொகுப்புகளில் இதைவிடக் கறாரான நடத்தைக் கண்காணிப்பு உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு செய்யும் நம்மைப் போன்றவர்கள் அங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவை நாம் எந்த நிரலில் எந்த விசையை அடித்தாலும் அதை வாங்கித் தமிழாக மாற்றுகின்றன. பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் விசைகளை இப்படித்தான் பிடிக்கிறது. அதனால் கண்காணிப்புக் கருவி இரண்டையும் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. நிரலை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினேனா, இப்போது நானாகத்தான் அதைத் திறந்தேனா என்று இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அனுமதி கொடுக்கலாம். ஆனால் நாள் முழுக்கக் கேள்வி கேட்கும் கருவி நாலு பேர் புழங்கும் கணினிக்குச் சரிப்படாது. நாலாம் நாள் எல்லோரும் படிக்காமலே 'அலவ்' அழுத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாவதாக, கூப்பிட்டால் மட்டும் வரும் ஸ்கேனர் ஒன்று. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு நல்லது. நிறுவியதும் கட்டணப் பதிப்பின் ட்ரையல் தொடங்கினால் அமைப்புகளில் போய் நிறுத்திவிடுங்கள். அப்புறம் அது டிஃபெண்டரோடு மோதாது. மாதம் ஒரு தடவையும், சந்தேகம் வரும்போதும் ஓட்டினால் போதும்.

இங்கே வைரஸ் வரும் வழி பெரும்பாலும் பென்டிரைவ். கேரளப் பள்ளிகளில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுவதால் விண்டோஸ் வைரஸ் அங்கே சும்மா கிடந்துவிட்டு, வீட்டுக் கணினியில் செருகியதும் விழித்துக்கொள்ளும். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஒரு ஷார்ட்கட்டை வைத்திருக்கும். அம்புக்குறி தெரிந்தால் திறக்காதீர்கள், முதலில் ஸ்கேன் செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் போட்டு வைத்தால், போட்டோ வேடம் போட்ட இஎக்ஸ்இ (நிரல்) கோப்பும் தெரிந்துவிடும்.

காசு கட்டாமல் ஓட பூட்டை உடைத்துத் தரும் கிராக் மென்பொருள் வேண்டவே வேண்டாம். அதை நிறுவும் குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்றுதானே இருக்கிறது?

அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோது பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் சிக்கின. அது புகுந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மெஷின் தாங்கினால் 11-க்கு மாறிவிடுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வைத்து, நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும்.

கடைசியாகச் சோதித்துப் பாருங்கள். ஆன்டிவைரஸுக்கு ஐகார் என்ற சோதனைக் கோப்பு உண்டு: 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது. இறக்கியவுடன் டிஃபெண்டர் கத்த வேண்டும். ஃபோல்டர் காவலுக்கு, இதுவரை அனுமதி கொடுக்காத ஒரு பழைய சின்ன நிரலிலிருந்து, டி டிரைவில் நீங்கள் பட்டியலில் சேர்த்த ஃபோல்டரில் ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். வேர்டு போன்ற பிரபலமான நிரல்களை அது தானாகவே விட்டுவிடும், அவற்றை வைத்துச் சோதிக்க முடியாது. தடுத்ததாக அறிவிப்பு வந்தால் சரி. சத்தமில்லாமல் சேமித்துவிட்டால், அந்த ஃபோல்டர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.