பெருந்தோல்விக்குப் பின் எம்எம்ஏ வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையில் முன்னணி வீரர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைதான் கூண்டுக்குள் இறங்குகிறார். எனவே ஒரு பெரிய தோல்வி பட்டத்தோடும் ஊதியத்தோடும் சேர்த்து, உடல் உச்சத்தில் இருக்கும் சில ஆண்டுகளில் ஒன்றையும் கொண்டுபோய்விடுகிறது. அதைத் தொடரும் மாதங்களில் எடுக்கப்படும் முடிவுகளே பெரும்பாலும் எஞ்சிய வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன.

பரவலான தவறு, தோல்வியைக் கடைசி அடியின் விளைவாக மட்டும் கருதுவது. 2015 நவம்பரில் மெல்போர்னில் 56,000-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில் அப்போதைய சாம்பியன் ரோண்டா ரௌசி ஹாலி ஹோமிடம் தோற்றபோது, இரண்டாம் சுற்றின் 59-ஆவது விநாடியில் விழுந்த இடங்கால் உதையைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஆனால் முதல் சுற்றிலேயே ஆட்டம் கைநழுவத் தொடங்கியிருந்தது. ரௌசி பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்றவர். எதிராளியை நெருங்கிப் பிடித்துவிட்டால் வீழ்த்திக் கையைப் பூட்டிவிடும் திறமையால் அதுவரை 12 போட்டிகளிலும் வென்றிருந்தார். குத்துச்சண்டை உலகச் சாம்பியனாக இருந்த ஹோமோ பிடிக்கு அகப்படாமல் வட்டமிட்டு நகர்ந்துகொண்டே, நேர்க்கோட்டில் துரத்தி வந்தவரின் முகத்தில் இடக்கை நேர்க்குத்துகளை இறக்கினார். எதிராளியின் வழியை மறித்துக் கூண்டுச் சுவரோரம் ஒதுக்கும் கால்நகர்வும், குத்துக்கு விலகும் தலையசைவும் ரௌசியிடம் இல்லை.

அந்த இரண்டையும் சரிசெய்ய அவருக்கு 13 மாதங்கள் இருந்தன. அதே பயிற்சிக்கூடத்தில், அதே தலைமைப் பயிற்சியாளரிடம் தயாராகி, 2016 டிசம்பரில் லாஸ் வேகாஸில் அமண்டா நூனஸை எதிர்கொண்டார். நூனஸின் வலக்கை நேர்க்குத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாத தலையில் விழ, 48 விநாடிகளில் போட்டி முடிந்தது. எம்எம்ஏவில் அவர் அதன்பின் நெடுங்காலம் தலைகாட்டவில்லை. ஆரம்ப நாள் முதல் உடனிருந்த பயிற்சியாளரை விட்டு விலக மனம் வராதது இயல்பே. ஆயினும் தோல்விக் காணொளியை வேறொரு கூடத்தின் பயிற்சியாளரோடு அமர்ந்து பார்ப்பதற்கு யாரையும் கைவிட வேண்டியதில்லை. தனித்து ஒதுங்குவதும் ஆபத்தானது. ஹோமிடம் தோற்ற இரவில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமே தனக்கு எழுந்ததாக ரௌசி 2016-இல் தொலைக்காட்சியில் கூறியதை நினைத்தால், மனநல உதவி மருத்துவப் பரிசோதனைக்கு இணையான அவசியம் என்பது விளங்கும்.

அவசரமான மறுபோட்டி அடுத்த தவறு. முன்னாள் சாம்பியனின் மறுபோட்டிக்கு நுழைவுச்சீட்டு விற்கும் என்பதால் போட்டியை நடத்தும் நிறுவனமும் அதையே விரும்பும். அண்டர்சன் சில்வா 2013 ஜூலையில் கிறிஸ் வைட்மனிடம் பட்டத்தை இழந்து, அதே டிசம்பரில் மீண்டும் மோதியபோது, அவர் விட்ட உதையை வைட்மன் முழங்காலால் தடுக்க, சில்வாவின் கால் எலும்பு முறிந்தது. கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியர் இந்த அவசரத்துக்கு ஆளாகவில்லை. 2007 ஏப்ரலில் ஹூஸ்டனில், யாரும் பெரிதாக மதிப்பிடாத மாட் செராவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தவர் அவர். அடுத்து, கல்லூரி மல்யுத்தச் சாம்பியனான ஜோஷ் கோஸ்செக்கை மல்யுத்தத்திலேயே மிஞ்சினார். பின்பு மாட் ஹியூஸைக் கைப்பூட்டில் வென்றார். ஓராண்டுக்குப் பிறகே, 2008 ஏப்ரலில் மாண்ட்ரியாலில் செராவை மீண்டும் சந்தித்தார். முதல் போட்டியில் எழுந்து நின்று குத்துப் பரிமாறியதில்தான் விழுந்தோம் என்பதை உணர்ந்திருந்ததால், இம்முறை தொடக்கத்திலேயே எதிராளியைத் தரையில் சாய்த்தார். இரண்டாம் சுற்றில் விலாவில் முழங்கால் இடிகள் தொடர்ந்து விழ, நடுவர் போட்டியை நிறுத்தினார். செராவிடம் இழந்த பட்டத்தை இப்படி மீட்டவர், அதன்பின் ஒன்பது முறை அதைத் தக்கவைத்துக்கொண்டார். செராவின் பெயரை ஒரு செங்கல்லில் எழுதி ஆற்றில் எறியச் சொன்ன உளவியல் ஆலோசகரைப் பற்றிப் பலரும் வியந்து பேசுவார்கள். எனக்கோ, செராவை மீண்டும் சந்திக்குமுன் செயின்ட் பியர் கடந்து வந்த அந்த இரண்டு போட்டிகளே முக்கியமாகப் படுகின்றன.

எல்லாவற்றிலும் கொடியது, தலையில் பட்ட அடியை அலட்சியம் செய்வது. நாக்அவுட் ஆன வீரருக்கு அமெரிக்க மாநிலங்களின் விளையாட்டு ஆணையங்கள் வழக்கமாக 30 முதல் 90 நாட்கள் வரை மருத்துவத் தடை விதிக்கின்றன. பயிற்சிக்கூடத்தின் மூடிய கதவுக்குள் நடக்கும் ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டையைக் கண்காணிக்க எந்த ஆணையத்தாலும் முடிவதில்லை. மூளை ஆறுவதற்குள் மீண்டும் அடி வாங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஜூடோ காலம் முதலே பலமுறை மூளை அதிர்ச்சிக்கு ஆளானதையும் அதை மறைத்து வந்ததையும் ரௌசி 2024-இல் வெளிப்படுத்தினார். 2007 மே மாதம் வரை சாம்பியனாக இருந்த சக் லிடெல், அந்த மாதம் முதல் 2010 ஜூன் வரை ஆடிய ஆறு போட்டிகளில் ஐந்தில் தோற்றார்; அவற்றில் நான்கு, அடி தாங்க முடியாமல் முடிந்தவை. ஓய்வு அறிவித்த அவர் 2018 நவம்பரில், 48 வயதில் திரும்பி வந்து, முன்பு இரண்டு முறை தான் வீழ்த்திய டிட்டோ ஓர்டிஸிடம் முதல் சுற்றிலேயே நாக்அவுட் ஆனார். ஒரு வீரர் மீண்டும் களமிறங்கலாமா என்பதை, அவருடைய ஊதியத்தில் பங்கில்லாத நரம்பியல் மருத்துவரே சொல்ல வேண்டும். மேலாளரும் போட்டி அமைப்பாளரும் அந்த அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.