ஆயிரம் கெஜத்துக்கு ஒரு ஸ்கோப்: டரெட்டிலிருந்து தொடங்குங்கள்

ரைஃபிளுக்கு ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி) வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "இது எத்தனை எக்ஸ்?", அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்றுதான். 200, 300 கெஜம் சுடுபவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய நஷ்டம் இல்லை. 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் சுடப் போகிறவர் கேட்க வேண்டியவை வேறு. மேல் டரெட்டில், அதாவது குறியை ஏற்றி இறக்கும் திருகுகுமிழில், மொத்தம் எவ்வளவு நகர்த்த முடியும்? திருகின அளவுக்கே குறி நகர்கிறதா? திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்தில் வந்து நிற்கிறதா? உருப்பெருக்கம், கண்ணாடி, வெளிச்சம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எந்தப் போட்டிக்கு வாங்குகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கே இடமில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டரில் சுடும் ஏர் ரைஃபிளிலும் துளைக்குறிதான். ஸ்கோப் வைத்து நெடுந்தூரம் சுடுவதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று எஃப்-கிளாஸ். கனடாவின் ஜார்ஜ் ஃபார்கார்சன் தொடங்கி வைத்தது. படுத்தபடி, அசையாத காகித இலக்கைச் சுடுவது. இங்கிலாந்தின் பிஸ்லியில் உள்ள ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1200 கெஜம் வரை சுடலாம். மற்றொன்று அமெரிக்காவில் பரவிய பி.ஆர்.எஸ்., அதாவது பிரிசிஷன் ரைஃபிள் சீரீஸ். இரும்புத் தகடுகள், வெவ்வேறு தூரங்கள், தடுப்புக் கட்டைகள் மேல் சாய்ந்து சுடும் நிலைகள், கூடவே கடிகாரம். ஒன்றுக்கு அருமையான ஸ்கோப் மற்றொன்றில் தொந்தரவாக இருக்கும்.

முதலில் கணக்கு

உங்கள் தோட்டா 1000 கெஜத்தில் எவ்வளவு இறங்கும் என்று பாலிஸ்டிக் செயலியில் போட்டுப் பாருங்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 1000 கெஜத்தில் பத்தரை அங்குலம் சுமார். .308 வின்செஸ்டர் தோட்டாவில் 175 கிரெய்ன் எடைக் குண்டு விநாடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்பினால், 100 கெஜத்தில் ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி அமைத்த) ரைஃபிளுக்கு ஏறக்குறைய 38 எம்.ஓ.ஏ. மேலே ஏற்ற வேண்டும். 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கு 30-ஐ ஒட்டி வரும். சின்ன .22 எல்.ஆர். தோட்டாவுக்கு 300 கெஜத்துக்கே 50 எம்.ஓ.ஏ. அளவு தேவைப்படும். ஆகவே "இது வெறும் .22 தானே" என்று மலிவு ஸ்கோப் வாங்குபவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

இப்போது ஸ்கோப்பின் விவரத் தாளைப் பாருங்கள். மொத்த ஏற்ற-இறக்கம் 60 எம்.ஓ.ஏ. என்று போட்டிருந்தால், நடுவிலிருந்து மேலே 30, கீழே 30. தட்டையான ரெயிலில் (ரைஃபிள் மேல் ஸ்கோப்பைப் பூட்டும் பட்டையில்) மாட்டினால் .308-க்கு வேண்டிய 38 கிடைக்காது, 8 குறையும். அதே ஸ்கோப்பை 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள ரெயிலில் மாட்டினால் மேலே 50 கிடைக்கும், கீழே 10 மிஞ்சும். 100 கெஜ ஜீரோவுக்கும் குறைவில்லை. ஆசைப்பட்டு 40 எம்.ஓ.ஏ. ரெயில் போட்டால் கீழே இறங்க இடமிருக்காது, 100 கெஜத்தில் ஜீரோவே ஆகாது. சரிவு ரெயிலின் தடித்த முனை சுடுபவர் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு ஸ்கோப்பைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கில் வருவதற்கு மேல் 10 எம்.ஓ.ஏ. கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நகரும் குழாய், ஒரு வட்டமான குழாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது. மேலே கடைசி வரை ஏற்றினால் பக்கவாட்டில் நகர இடம் சுருங்கும், ஓரத்தில் படமும் மங்கும். அந்த நேரத்தில் மணிக்கு 16 கி.மீ. வேகக் குறுக்குக் காற்று அடித்தால் மேலே சொன்ன .308 குண்டுக்கு 9 எம்.ஓ.ஏ. அளவு பக்கத் திருத்தம் வேண்டியிருக்கும். அங்கேதான் டரெட் முட்டிக்கொள்ளும்.

குழாயின் விட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு அங்குலக் குழாயில் பெரும்பாலும் 40 முதல் 60 எம்.ஓ.ஏ. தான் கிடைக்கும், 30 மி.மீ., 34 மி.மீ. குழாய்களில் 100-ஐத் தொடுபவை உண்டு. தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று கடையில் சொல்வார்கள். தராது. வெளிச்சத்தை முடிவு செய்வது முன் லென்ஸும் கண்ணாடியின் தரமும்.

மில்லா, எம்.ஓ.ஏ.வா

மில்லும் எம்.ஓ.ஏ. போல ஒரு கோண அளவுதான். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், டரெட்டும் ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) ஒரே அளவில் இருக்க வேண்டும். ரெட்டிகிளில் மில் புள்ளிகளும் டரெட்டில் எம்.ஓ.ஏ. கிளிக்குகளுமாக (திருகும்போது நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) வந்த பழைய ஸ்கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. ஒரு மில் 3.438 எம்.ஓ.ஏ.; ஒவ்வொரு குண்டுக்கும் இதை மனக்கணக்கு போட்டுக்கொண்டு சுட முடியாது. மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 0.1 மில், 1000 மீட்டரில் 10 செ.மீ. எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் கால் கிளிக் 1000 கெஜத்தில் 2.6 அங்குலம், அரைக்கால் கிளிக் 1.3 அங்குலம். 1000 கெஜ எஃப்-கிளாஸ் இலக்கின் நடுவிலுள்ள எக்ஸ் வளையம் 5 அங்குலம்தான், அதனால் அங்கே அரைக்காலுக்கு மதிப்பு அதிகம். பி.ஆர்.எஸ். அணியில் எல்லாரும் மில்லில் பேசும்போது நீங்கள் மட்டும் எம்.ஓ.ஏ.வில் இருந்தால் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் காற்றுத் திருத்தம் உங்களுக்கு உதவாது.

ஜீரோ ஸ்டாப் (இறக்கும்போது ஜீரோவிலேயே நிறுத்தும் தடை) இல்லாத டரெட்டை இந்தத் தூரத்துக்கு வாங்காதீர்கள். பல சுற்று ஏற்றி இறக்கும்போது ஒரு சுற்று தவறினால், சுற்றுக்கு 10 மில் உள்ள டரெட்டில் 100 மீட்டரிலேயே குண்டு ஒரு மீட்டர் விலகிப் போகும்.

ரெட்டிகிள் எந்தத் தளத்தில்

முன் தளத்தில், அதாவது ஜூம் லென்ஸ்களுக்கு முன்னால், இருக்கும் ரெட்டிகிள், ஜூம் செய்யும்போது படத்தோடு சேர்ந்து பெரிதாகும். அதன் அளவுக்கோடுகள் எந்த உருப்பெருக்கத்திலும் சரியாக இருக்கும். பின் தளத்தில், அவற்றுக்குப் பின்னால், இருப்பது கண்ணுக்கு ஒரே தடிமனில் தெரியும், ஆனால் கோடுகளின் மதிப்பு குறிப்பிட்ட ஒரே உருப்பெருக்கத்தில்தான் உண்மை. அந்த உருப்பெருக்கத்தில் பாதிக்கு இறக்கினால் ஒவ்வொரு கோடும் இரண்டு மடங்கு மதிப்பாகிவிடும். கடிகாரம் ஓட, தூரம் மாறிக்கொண்டே இருக்கும் பி.ஆர்.எஸ். போட்டியில் இதை மறப்பவர் ஒரு கட்டம் முழுவதையும் காற்றில் விடுவார். அங்கே முன் தளம்தான். எஃப்-கிளாஸில் பின் தளம் நல்லது. 0.125 எம்.ஓ.ஏ. புள்ளி 1000 கெஜத்தில் 1.3 அங்குலத்தை மட்டுமே மறைக்கும், எவ்வளவு ஜூம் செய்தாலும் அது கண்ணுக்குத் தடிக்காது.

இப்போது அந்த "எத்தனை எக்ஸ்"

பி.ஆர்.எஸ். சுடுபவர்கள் 5-25×56 வகை ஸ்கோப்பை (உருப்பெருக்கம் 5 முதல் 25 வரை, முன் லென்ஸ் 56 மி.மீ.) வைத்திருந்தாலும் பெரும்பாலும் 12-இலிருந்து 18-க்குள்தான் வைத்துச் சுடுவார்கள். உருப்பெருக்கம் இரட்டிப்பானால் பார்வைப் பரப்பு பாதியாகும். உதைப்புக்குப் பிறகு தன் குண்டு எங்கே மண்ணைக் கிளப்பியது என்று தானே பார்க்க முடியாமல் போகும். எஃப்-கிளாஸில் 40, 50 வரை பயன்படும், குழியில் இருப்பவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் இலக்கை இறக்கிக் குறிவட்டு வைத்துக் காட்டிவிடுவதால். நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15-55×52 இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது: பின் தளம், அரைக்கால் கிளிக், எடை 800 கிராமுக்குள். ஆனால் மொத்த ஏற்றம் 55 எம்.ஓ.ஏ. தான், ரெயில் கணக்கைப் போடாமல் வாங்கக் கூடாது. எஃப்-கிளாஸின் எஃப்-டி.ஆர். பிரிவில் ரைஃபிள், ஸ்கோப், பைபாட் (இருகால் தாங்கி) எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒன்றே கால் கிலோவுக்கு மேல் போகும் கனமான ஸ்கோப் அங்கே குழலின் எடையைத் தின்றுவிடும்.

வெயில் ஏறிக் கானல் ஓடும்போது 40 எக்ஸில் இலக்கு கொதிக்கிற தண்ணீர்போல் தெரியும். எவ்வளவு விலையுள்ள கண்ணாடியும் இதைத் தீர்க்காது. ஜூமைக் குறைப்பதுதான் வழி. மேலும், முன் லென்ஸை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.24 மி.மீ. இது சிறுத்தால் தலையை மயிரிழை நகர்த்தினாலும் படம் கறுத்துவிடும். தடுப்பு மேல் கோணலாக நின்று சுடுபவருக்கு இது பெரிய எரிச்சல். ரெட்டிகிளுக்கு விளக்கு இருக்கிறதா என்பதெல்லாம் பகல் போட்டிக்கு ஒரு பொருட்டல்ல.

பேரலாக்ஸ்

கண்ணை நகர்த்தினால் குறியும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவதுதான் பேரலாக்ஸ். பக்கத்தில் அதை நீக்கும் திருகி இல்லாத ஸ்கோப் நெடுந்தூரத்துக்கு வேண்டாம். 100 கெஜத்துக்குப் பூட்டப்பட்ட 50 மி.மீ. ஸ்கோப்பில், கண் ஓரத்துக்குப் போனால், 600 கெஜத்தில் 12.5 செ.மீ. வரை, 1000 கெஜத்தில் 22.5 செ.மீ. வரை பிழை வரலாம். திருகியில் பொறித்த எண்ணை நம்பாதீர்கள், அது தோராயம். ரைஃபிளை மணல் பையில் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குறி இலக்கின் மேல் நீந்தினால் இன்னும் திருக வேண்டும். படம் தெளிவாக இருப்பதும் பேரலாக்ஸ் நீங்குவதும் ஒரே புள்ளியில் அமைய, ரெட்டிகிளின் ஃபோகஸைக் கண்லென்ஸில் முன்கூட்டியே சரிசெய்திருக்க வேண்டும். வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்து, கண்ணைச் சில விநாடி திருப்பிவிட்டு, பார்த்தவுடன் கோடு கூர்மையாகத் தெரிகிறதா என்று சோதியுங்கள். வெகுநேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே சரிக்கட்டிக்கொள்ளும், சோதனை வீண்.

மாட்டுவதும் சோதிப்பதும்

நல்ல ஸ்கோப்பை மட்டமான ரிங்கில் (குழாயைப் பிடிக்கும் வளையத்தில்) மாட்டிக் கெடுப்பது சாதாரணமாக நடக்கிறது. டார்க் ஸ்பேனர் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தொடங்காதீர்கள். ரிங் மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட், அதாவது 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைய அல்லது அதை ஒட்டி; ரிங் செய்தவர் வேறு எண் தந்திருந்தால் அதுதான் சட்டம். அதற்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கி, பேரலாக்ஸ் திருகி கடினமாகும், டரெட் பிசகும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 75 முதல் 100 மி.மீ. இருக்கட்டும், படுத்த நிலையில், நீங்கள் பயன்படுத்தும் அதிகபட்ச ஜூமில் வைத்து அளவெடுங்கள்.

ரெட்டிகிள் செங்குத்தாக இருக்க, தூரத்தில் நூல்குண்டு தொங்கவிட்டு அதோடு பொருத்துங்கள். ரைஃபிள் 3 டிகிரி சாய்ந்தால், 30 எம்.ஓ.ஏ. ஏற்றிய நிலையில், குண்டு பக்கவாட்டில் 1.57 எம்.ஓ.ஏ. போகும், 1000 கெஜத்தில் அது 16 அங்குலம். காற்றைத் தப்பாகப் படித்துவிட்டோம் என்று பலர் நொந்துகொள்வது உண்மையில் இந்தச் சாய்வைத்தான். ஒரு சிறிய ரசமட்டத்தை ஸ்கோப் குழாயிலேயே பூட்டிவிடுங்கள்.

கடைசியில் டரெட்டைச் சோதிக்க, ஒன்றேகால் மீட்டர் உயரப் பலகையில் நூல்குண்டு வைத்துச் செங்குத்துக் கோடு போடுங்கள். கோட்டின் அடியில் ஒரு புள்ளி, அதற்குச் சரியாக ஒரு மீட்டர் மேலே இன்னொன்று. பலகையை 100 மீட்டரில் நிறுத்துங்கள். லேசர் அளவு போதாது, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அடிப் புள்ளியைக் குறிவைத்தபடியே, ஜீரோவில் 5 குண்டு, 10 மில் ஏற்றி 5 குண்டு, மறுபடி ஜீரோவுக்கு இறக்கி 5 குண்டு. மேல் கூட்டத்தின் நடுவும் கீழ் கூட்டத்தின் நடுவும் ஒரு மீட்டர் விலகியிருக்க வேண்டும், இரண்டும் கோட்டின் மேலேயே விழ வேண்டும், மூன்றாம் கூட்டம் முதலாவதோடு கலக்க வேண்டும்.

97 செ.மீ. தான் வந்தால் 3 சதவீதம் குறைகிறது, 30 எம்.ஓ.ஏ. ஏற்றத்தில் அது 0.9 எம்.ஓ.ஏ., 1000 கெஜத்தில் 9 அங்குலத்துக்கு மேல். பிழை ஒரே சீராக இருந்தால், அந்த 0.97-ஐப் பாலிஸ்டிக் செயலியில் திருத்த எண்ணாகப் போட்டுவிட்டுச் சுடலாம். கூட்டம் கோட்டை விட்டுச் சாய்ந்து ஏறினால் ரெட்டிகிளை மீண்டும் நிமிர்த்தி மாட்டுங்கள். மூன்றாம் கூட்டம் முதலாவதோடு சேரவில்லை என்றால் முதலில் ரிங், ரெயில் திருகுகளைச் சரிபார்த்துவிட்டு இன்னொரு முறை சுடுங்கள். அப்போதும் சேராவிட்டால் பெட்டியும் ரசீதும் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.