மோர்கன் டாலர்: தேய்மானமா, அச்சுக் குறையா?

விற்பவரும் வாங்குபவரும் நாணயத்தின் நிலையை ஒரே எண்ணில் பேசத்தான் 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவு. 60 முதல் மேலே உள்ளவை புழங்காதவை. பழைய அமெரிக்க நாணயமான மோர்கன் வெள்ளி டாலரில், லேசாகத் தேய்ந்த 58-க்கும் புழங்காத 60-க்கும் இடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளிம்பைப் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றுங்கள். முன்பக்கப் பெண் உருவத்தின் காதுக்கு மேலுள்ள முடியையும் பின்பக்கக் கழுகின் மார்பையும் 5 மடங்கு லென்ஸில் பாருங்கள். சுழலும் ஒளிப்பட்டை அங்கே அறுந்து மங்கலாகத் தெரிந்தால் தேய்மானம். முடி தட்டையாக இருந்தும் பளபளப்பு அறுபடாவிட்டால் அச்சழுத்தம் குறைவு, அவ்வளவுதான். நியூ ஆர்லியன்ஸ் ஆலையின் ‘ஓ’ குறி நாணயங்களில் இது சகஜம். அழுக்கிருந்தாலும் தயவுசெய்து தேய்க்காதீர்கள். மயிரிழைக் கீறல்கள் விழுந்தால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நாணயத் தரம் மதிப்பிடும் நிறுவனங்கள் எண் தராமல் ‘டீட்டெயில்ஸ்’ என்று மட்டும் குறித்துவிடும், விலையும் இறங்கிவிடும்.