வீட்டு சர்வர்: மென்பொருளுக்கு வெளியே சறுக்கும் இடங்கள்

படங்களையும் கோப்புகளையும் வீட்டிலேயே ஒரு கணினியில், அதாவது வீட்டு சர்வரில், வைத்துக்கொள்ள நினைத்து, படங்களுக்கான இம்மிச்சா கோப்புகளுக்கான நெக்ஸ்ட்கிளவுடா என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், தங்கள் ஃபைபர் லைனுக்குப் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய இணைய முகவரி) இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்ப்பதில்லை. திறமூல மென்பொருள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் ஓடும். அதிகம் இடறுவது லைன், மின்சாரம், நகல் (பேக்கப்) ஆகிய மூன்றில்தான்.

முதலில் லைன். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் ஐபி (இணையப் பக்கம் ரௌட்டருக்குள்ள முகவரி) என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்புறம் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளி இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பும் ரௌட்டர் அமைப்பை) எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரௌட்டரை எட்டாது. சர்வரில் பிழை தேடுவது வீண் வேலை. சேவை நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், உங்கள் கருவிகளைத் தனி வலையாகப் பிணைக்கும் டெயில்ஸ்கேல் போதும். அதன் ஒருங்கிணைப்பு சர்வர் திறமூலம் அல்ல. அது உறுத்தினால் அந்த சர்வருக்குத் திறமூல மாற்றான ஹெட்ஸ்கேல் இருக்கிறது, ஆனால் அதை ஓட்ட வெளியே ஒரு வாடகை சர்வர் வேண்டும்.

வீட்டு சர்வரைத் தன் சர்வர்கள் வழியாக வெளியே எட்டவைக்கும் கிளவுட்ஃபிளேர் டனல் இன்னொரு வழி. அதன் இலவசத் திட்டத்தில் ஒரு தடவைக்கு 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. இம்மிச்சில் படமெல்லாம் ஏறும், கல்யாண வீடியோ மட்டும் பாதியில் நிற்கும். படம் ஏறுகிறதே என்பதால் காரணம் லேசில் பிடிபடாது.

பெட்டி வாங்குவதில் இரண்டு தவறு. ஒன்று, அலமாரியில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக்குவது. சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் கணினி ஆண்டுக்குச் சுமார் 525 யூனிட் மின்சாரம் தின்னும். 10 வாட் மினி பிசிக்கு 88 யூனிட் போதும். மற்றொன்று, ராஸ்பெர்ரி பையில் டேட்டாபேஸை மெமரி கார்டிலேயே வைப்பது. இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் கார்டு தேய்ந்து செத்துப் போகும். அலுவலகங்கள் கழித்துவிட்ட மினி பிசிகள் இணையச் சந்தையில் கிடைக்கின்றன. 8ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி: ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். 6ஆம் தலைமுறை மலிவுதான், ஆனால் 10 பிட் எச்இவிசி என்ற சுருக்க வடிவிலுள்ள வீடியோவை அந்தச் சிப் முழுதாகக் கையாளாது. சர்வரிலிருந்து வீடியோ பார்க்க உதவும் ஜெல்லிஃபினில் படம் திக்கித் திக்கி ஓடும்.

மலேசியாவில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையும் மின்னலும் புதிதல்ல. ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே சொருகியிருக்கிறது? தரைவீடு என்றால், வாசல் கேமராவிலிருந்து வரும் லேன் கேபிள் அதைவிட ஆபத்து; அதுவே மின்னல் உள்ளே வர வழி. நெட்வொர்க் சுவிட்சுக்கு முன்னால் அந்தக் கேபிளுக்கு ஒரு சர்ஜ் தடுப்பான் போட்டு, அதன் எர்த் கம்பியையும் இணையுங்கள். எர்த் இல்லாத தடுப்பான் இருந்தும் இல்லாததுதான்.

650 விஏ யூபிஎஸ் போதும். மினி பிசியோடு மோடத்தையும் ரௌட்டரையும் அதிலேயே சொருகுங்கள். யூபிஎஸ் வாங்கிவிட்டு அதன் யூஎஸ்பி கேபிளை இணைக்காமல் விடுவதுதான் பரவலான தவறு. கேபிளைச் சொருகி நட் என்ற மென்பொருளை நிறுவினால்தான், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே முறையாக அணையும். மின்சாரம் திரும்பியதும் தானே எழும்ப வேண்டும் என்ற அமைப்பை பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) மாற்றவும் மறக்கக் கூடாது. நம் சூட்டில் யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும்.

ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கரில் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் எல்லாவற்றையும் அடைத்தாயிற்று என்று நினைப்பீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். டாக்கரின் அமைப்புகளை எழுதும் கம்போஸ் கோப்பில் போர்ட் எண்ணுக்கு முன், அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்று சேர்த்துவிட்டு, வெளிக் கோரிக்கைகளை வாங்கி உரிய சேவைக்குக் கொடுக்கும் ரிவர்ஸ் பிராக்ஸி வழியாக மட்டும் அனுப்புங்கள். அதே கோப்பில் பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல், எப்போதும் புதியதை எடுக்கும்படி விடுவதும் வம்புதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 14இலிருந்து 16க்குத் தாவினால் பழைய தரவோடு அது எழும்பாது. நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பெரிய பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

நகல் எடுப்பதில் நேர மண்டலத்தைக் கவனியுங்கள். பல கன்டெய்னர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். அதிகாலை 3 மணிக்கு என்று நீங்கள் வைத்தது இங்கே காலை 11 மணிக்கு நடக்கும், எல்லாரும் லைனைப் பயன்படுத்தும் வேளையில். இம்மிச்சின் படக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் ஆல்பங்களும் முகங்களுக்குக் கொடுத்த பெயர்களும் போய்விடும். அவை இருக்கும் டேட்டாபேஸை முறையாக ஏற்றுமதி செய்த கோப்பும் (டம்ப்) வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புறையை அப்படியே காப்பி அடிப்பது டம்ப் ஆகாது. இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு நகல் அல்ல: தவறி அழித்தது இரண்டு டிஸ்கிலும் அழியும். ரெஸ்டிக் என்ற நகல் மென்பொருளைக் கொண்டு ஒரு பிரதியை வீட்டில் யூஎஸ்பி டிஸ்கிலும், இன்னொன்றைப் பினாங்கில் அண்ணன் வீட்டிலும் வைக்கலாம். ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லை அதே சர்வரில் ஓடும் வால்ட்வார்டன் என்ற கடவுச்சொல் பெட்டகத்துக்குள் மட்டும் பூட்டி வைக்காதீர்கள், காகிதத்திலும் எழுதுங்கள். பத்துப் படமாவது வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கும்வரை கூகுள் கணக்கில் இருப்பதை அழிக்க வேண்டாம்.

ஸ்கேன் செய்த ஆவணங்களைச் சேமித்துத் தேட உதவும் பேப்பர்லெஸ் வைப்பவர்களுக்கு ஒன்று. அதன் எழுத்துணரி தமிழையும் மலாயையும் தானாகப் படிக்காது. இரு மொழிகளையும் கம்போஸ் கோப்பில் இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டும்: நிறுவ வேண்டிய மொழிகளில் ஒரு முறை, பயன்படுத்த வேண்டிய மொழிகளில் ஒரு முறை. முதலாவதை மட்டும் செய்துவிட்டு, கோயில் ரசீதும் தமிழ்ப்பள்ளிக் கடிதமும் தேடலில் வரவில்லை என்று குழம்புவார்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவற்றைத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஆவணங்களைத் தேர்ந்தெடுத்து மறுசெயலாக்கம் கொடுத்தால் போதும். நூற்றுக்கணக்கில் இருந்தால் இரவில் விடுங்கள்.