கொடைக்கானல் பத்தி ப்ராஜெக்ட் எழுதுறது எப்படி

மொதல்ல ஏரியில இருந்து ஆரம்பிங்க, அது தானா உண்டான ஏரி இல்ல, 1863ல லெவிஞ்ச்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி ஓடைத் தண்ணிய கரை கட்டி நிறுத்தினது, மேப்புல நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கும், அத நீங்களே கையால வரைஞ்சு பாருங்க அப்பதான் மனசுல நிக்கும். ஊரோட உயரம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர். மாவட்டம் திண்டுக்கல், ஆனா அது 1985ல தான் பிரிஞ்சது, அதுக்கு முந்தின ரெக்கார்டுன்னா மதுரைன்னு தேடணும், நெறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. ஜனத்தொகைக்கு 2011 சென்சஸ் எடுங்க, டவுன்ல மட்டும் 36,501 பேர். அதோட நிறுத்திடாதீங்க, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால்னு மேல்மலை கிராமங்களுக்கும் போங்க, படிக்கட்டு மாதிரி வெட்டின வயல்ல பூண்டு பிடுங்குற பாட்டிகிட்ட உக்காந்து பேசுங்க, மண்ணு ஒட்டின அந்த மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு (இந்த ஊர்ப் பொருள்தான்னு சட்டப்படி தர்ற அடையாளம்) கெடச்சிருக்கு, அதையும் கண்டிப்பா எழுதுங்க.