ஓர் ஆங்கிலேயச் சிறுநகர பப்பின் லேண்ட்லார்டுகளை வரிசைப்படுத்துவது எப்படி?

இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் சிறுநகரத்தின் கடைத்தெரு முனையில் ஒரு பழைய பப் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து அதை யார் யார் நடத்தினார்கள் என்ற பட்டியலை முழுமையாக்க எனக்கு மூன்று குளிர்காலங்கள் பிடித்தன. சரியான வரிசையில் தேடியிருந்தால் பாதிக் காலத்தில் முடிந்திருக்கும் என்பதால், இத்தேடலில் புதிதாக இறங்குவோருக்காக அந்த வரிசையை எழுதி வைக்கிறேன். இதில் லேண்ட்லார்ட் என்று சொல்லப்படுபவர் கட்டடத்தின் சொந்தக்காரர் அல்லர். மது விற்கும் உரிமத்தைத் தம் பெயரில் பெற்றுக் கடையை நடத்துபவர். அக்காலத்தில் கட்டடம் பல சமயம் ஒரு பியர் ஆலையின் சொத்தாக இருந்தது.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

பெயர், கட்டடம், உரிமம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வயது உண்டு. லண்டன் சதக் பகுதியிலுள்ள ஜார்ஜ் விடுதியைப் பாருங்கள். இன்று நாம் காணும் மாடத்தாழ்வாரக் கட்டடம், 1676இல் சதக்கை அழித்த தீக்குப் பின் 1677இல் எழுப்பப்பட்டது. ஆனால் 1598இல் லண்டனைப் பற்றி எழுதிய ஜான் ஸ்டோ, அத்தெருவின் விடுதிகளைச் சொல்லும்போதே ஜார்ஜ் என்ற பெயரையும் குறிப்பிட்டுவிட்டார். கட்டடத்தின் வயதைப் பெயருக்குக் கொடுத்துவிட்டால் முதல் வரியே பிழையாகிவிடும். லேண்ட்லார்டுகளைத் தேடுபவர் பிடித்துக்கொள்ள வேண்டியது உரிமத்தை.

படி 2: அட்டவணை

ஆண்டு, ஆளின் பெயர், ஆவணத்தில் உள்ள சொற்கள் அப்படியே, கிடைத்த இடம் என்று நான்கு பத்திகள் கொண்ட விரிதாள் போதும். வம்சாவளி மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை உறவுமுறையை வைத்து அடுக்குபவை, அடுத்தடுத்து வந்த லேண்ட்லார்டுகளோ பெரும்பாலும் உறவினர் அல்லர். மூன்றாவது பத்தியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அதன் பயன் படி 4இல் தெரியும்.

படி 3: வணிகக் கையேடுகள்

பிகட், வைட், கெல்லி ஆகியோர் வெளியிட்ட ஊர்வாரி வணிகக் கையேடுகளில் கடைக்காரர்களின் பெயர்கள் தொழில்வாரியாக அச்சாகியிருக்கும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் ஏராளமானவை இலவசமாகக் கிடைப்பதால் அங்கிருந்தே தொடங்குங்கள். அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். விவரங்கள் அதற்கு முன்பே திரட்டப்பட்டவை என்பதால், அச்சேறிய நாளில் அந்த லேண்ட்லார்ட் கடையை விட்டுப் போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம்.

படி 4: பியர் ஹவுஸ் என்னும் இடைவெளி

நான் ஒரு முழுக் குளிர்காலத்தை இழந்த இடம் இதுதான். எங்கள் ஊர் பப்பின் பெயர் 1870களின் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் 'இன்களும் டேவர்ன்களும்' (விடுதிகளும் மதுக்கடைகளும்) என்ற தலைப்பின் கீழ் எத்தனை முறை பார்த்தும் இல்லை. ஆகவே பப் அப்போதுதான் தொடங்கியது என்று எழுதி முடித்தும்விட்டேன்.

உண்மை வேறு. 1830இல் நிறைவேறிய பியர் சட்டம், வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் ஆண்டுக்கு 2 கினி (பழைய ஆங்கிலேயப் பண அலகு) கட்டணம் செலுத்திவிட்டுத் தம் வீட்டிலேயே பியர் விற்கலாம் என்று அனுமதித்தது. இத்தகைய வீடுகளே பியர் ஹவுஸ்கள். ஜின் போன்ற மதுவகைகளை விற்கக் கூடாது. ஆனால் மற்ற மதுக்கடைக்காரர்களைப் போல உரிமம் கேட்டு உள்ளூர் நீதிபதிகளிடம் போய் நிற்க வேண்டியதில்லை. கலால் துறையின் அனுமதியே போதும். 1869இல் சட்டம் மாறிப் பியர் ஹவுஸ்களும் நீதிபதிகளின் அதிகாரத்திற்குள் வரும்வரை இந்த நிலை நீடித்தது. ஆகவே இடைப்பட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு நீதிபதிகளின் உரிம ஆவணங்களில் இக்கடைகளைத் தேடிப் பயனில்லை. கையேடுகளிலும் அவை 'பியர் ரீடெய்லர்' (பியர் சில்லறை விற்பனையாளர்) என்ற தனித் தலைப்பின் கீழ், பெரும்பாலும் கடைப்பெயர் இல்லாமல், ஆளின் பெயரும் தெருவும் மட்டுமாகவே இருக்கும்.

எனக்கு விடை கிடைத்தது ஒரே ஒரு வரியில். எங்கள் தெருவின் பெயருக்கு எதிரே, பொடி எழுத்தில், செருப்புத் தைப்பவர் ஒருவரின் தொழிலோடு ஒட்டி, 'பியர் ரீடெய்லரும்' என்று அச்சாகியிருந்தது. ஆவணச் சொற்களை அப்படியே எழுதி வைத்திருந்ததால், 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே தெருவில் நான் முன்பு கண்டு ஒதுக்கிய செருப்புத் தைப்பவர் இவர்தான் என்று உடனே பொருந்தியது. பகலில் தோலும் ஊசியும், மாலையில் முன்னறையில் பீப்பாயும் என்று வாழ்ந்த அந்த மனிதர்தான் எங்கள் பப்பின் முதல் லேண்ட்லார்ட். கொல்லர், தச்சர் பெயர்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

படி 5: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

1841 முதல் 1921 வரையிலானவை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. 1931இன் படிவங்கள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே அந்த இடைவெளிக்கு 1939ஆம் ஆண்டு மக்கள் பதிவேட்டைப் பயன்படுத்துங்கள். குடும்பத்தலைவரோடு நின்றுவிடாமல் மனைவியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்தபின் உரிமத்தைக் கைம்பெண் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு நடத்துவது மிகச் சாதாரணமாக இருந்தது. மறுமணம் செய்தால் உரிமம் புதுக்கணவரின் பெயருக்குப் போய்விடும். அட்டவணையில் மூன்று அந்நியர்கள் போலத் தெரிபவர்கள் ஒரே சமையலறையில் வாழ்ந்தவர்களாக இருக்கலாம்.

படி 6: உரிம ஆவணங்களும் செய்தித்தாள்களும்

1753க்கும் 1828க்கும் இடைப்பட்ட காலத்துக்கு, நீதிபதிகளின் முன் லேண்ட்லார்டுகள் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரங்களும் அவற்றின் பதிவேடுகளும் பல கவுண்டி (மாவட்ட) ஆவணக்காப்பகங்களில் உள்ளன. 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் முறையான உரிமப் பதிவேடுகள் வைக்கப்பட்டன. நடுவே விடுபடுவதை உள்ளூர்ச் செய்தித்தாள்களில் வரும் உரிம மாற்றச் செய்திகள் நிரப்பும். பழைய செய்தித்தாள்களைத் தேட உதவும் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம். பணம் கட்டும் முன் உங்கள் நூலகத்தில் இலவசமாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தேடும்போது பப்பின் பெயரைப் போடாதீர்கள், ரெட் லயன் போன்ற பொதுவான பெயரைத் தேடினால் நாடு முழுவதும் வந்து குவியும். லேண்ட்லார்டின் குடும்பப்பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 7: யாருடைய கட்டடம்?

1910ஆம் ஆண்டு நில மதிப்பீட்டின் களப்புத்தகங்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், ஐ.ஆர். 58 என்ற தொகுதியில் உள்ளன. உரிமையாளர் பெயரும் குடியிருப்பவர் பெயரும் அவற்றில் தனித்தனியே இருப்பதால், எந்தப் பியர் ஆலைக்குச் சொந்தம் என்பது இங்கேதான் தெளிவாகும்.

பிற்சேர்க்கை: ஒரே பெயரில் ஒரே ஊரில் இரண்டு இடங்களில் பப் தென்படுவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பழைய கட்டடத்தை இடித்தபோதோ சாலையை அகலப்படுத்தியபோதோ பெயரும் உரிமமும் வேறு மனைக்கு மாற்றப்பட்டிருக்கலாம். தெருவின் கதவெண்கள் மாறியிருக்கவும் கூடும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இலவசத் தளத்தில் பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல (ஒரு மைலுக்கு ஏறத்தாழ 25 அங்குலம்) வரைபடங்களைத் திறந்து, இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பப்ளிக் ஹவுஸ், பியர் ஹவுஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகள் கட்டடத்தின் அருகிலேயே அச்சாகியிருக்கும். அவை எந்த மனையில் நிற்கின்றன என்று பார்த்த பிறகு, அட்டவணையில் ஐந்தாவது பத்தியாக மனையையும் சேர்த்துவிடுங்கள்.